கப்பல் பட்டியலா, எச்சில் குழாயா? நேட்டால் போன முன்னோரைத் தேட எது உதவும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன முன்னோரைத் தேடுபவர்கள் முன்னால் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கப்பலில் போனவர்களின் விவரங்களை எழுதிவைத்த கப்பல் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பழைய காகிதங்களுக்குள் இறங்குவது. இன்னொன்று, குழாயில் எச்சில் கொடுத்துச் செய்யும் மரபணுச் சோதனை. எங்கள் குடும்பத்தில் இரண்டுமே நடந்தன. என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி வடஆற்காட்டிலிருந்து போனவர். அவர் வழியில் வந்த, எனக்கு அக்கா முறையாகும் ஒருவர் நேட்டாலின் துறைமுக நகரான டர்பனில் இருக்கிறார். அக்கா சோதனைக் கிட் வாங்கினார். நான் பட்டியலில் இறங்கினேன். என் ஓட்டு பட்டியலுக்குத்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. குடும்ப வரலாற்றுப் பதிவுகளைத் தரும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் நேட்டால் பதிவுகளை இலவசமாகவே பார்க்கலாம். கிட்டுக்குக் காசு, சில நிறுவனங்களில் அப்புறம் சந்தாவும் உண்டு. ஆள் வைத்துத் தேடுவது மூன்றாவது வழி. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போக முடியாதவர்களுக்கு அது சரி. ஆனால் அவரும் இதே காகிதங்களைத்தான் புரட்டப்போகிறார்.

என்னைப் பட்டியல் பக்கம் இழுத்தது ஒரே ஒரு விஷயம்: எண். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கலோனியல் நம்பர் என்று அதற்குப் பெயர். பட்டியலில் எண்ணோடு பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பது வரை குறித்திருப்பார்கள். எல்லாக் கட்டமும் எல்லாருக்கும் நிரம்பியிருக்காது, அது வேறு.

பெயரை மட்டும் நம்பித் தேடினால் அதோகதிதான். முனுசாமி என்பவர் மூன்சாமியாகவும் முனிசாமியாகவும் முன்சாமியாகவும் இருப்பார். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி. அடுத்த தலைமுறையில் அப்பா பெயரே குடும்பப் பெயராகியிருக்கும், அல்லது கவுண்டர் கோவெண்டராகவும் முதலியார் மூட்லியாகவும் ஆகியிருப்பார்கள். எண் மட்டும் மாறாது. முதலாளி மாறினாலும், கல்யாணத்தைப் பதிந்தாலும், பிள்ளை பிறந்ததைப் பதிந்தாலும், ஊர் திரும்ப அனுமதி கேட்டாலும் அதே எண்தான் எழுதப்பட்டது. 1895 சட்டப்படி ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்களிடம் வருடத்துக்கு 3 பவுண்டு கறந்தார்களே, அந்த வரிக் காகிதத்திலும் அதே எண்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. வந்த வரிசையில் எண் கொடுத்ததால், எண்ணைப் பார்த்தே எந்தக் காலத்தவர் என்று ஓரளவு கணித்துவிடலாம். 1866 முதல் 1874 வரை ஆள் கொண்டுபோவது நின்றிருந்தது. எனவே பழைய கூட்டமா புதிய கூட்டமா என்பது பளிச்சென்று பிரியும். அக்கா வீட்டில் இருந்த ஒரு பழைய கல்யாணச் சான்றிதழில் மாப்பிள்ளை, பெண் இருவர் எண்ணும் இருந்தன. அதுவரை பத்துப் பதினைந்து முனுசாமிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒரே முனுசாமி கிடைத்தார். அவர் அப்பா பெயரும் எங்கள் வீட்டில் சொல்லிவந்த பெயரும் ஒத்துப்போயின.

ஜில்லா பெயரை மட்டும் இன்றைய வரைபடத்தோடு பொருத்தக்கூடாது. வடஆற்காடு என்றால் வேலூரோடு நிறுத்தாமல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் பார்க்க வேண்டும். சித்தூர் பக்கமும் 1911 வரை அந்த ஜில்லாவோடுதான் இருந்தது.

சரி, சோதனை என்ன சொன்னது? அக்காவுக்குத் ‘தென்னிந்தியா’ என்று வந்தது. அவர் முகத்தைப் பார்த்து நானே சொல்லியிருப்பேன். கூடவே தூரத்து உறவுகள் என்று ஒரு நீண்ட வரிசை; பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலேயே இருப்பவர்கள், குடும்ப மரம் எதுவும் போடாதவர்கள். நம் கிராமங்களில் எச்சில் கொடுத்தவர்கள் சொற்பம் என்பதால், இந்தப் பக்கம் பொருந்த ஆளில்லை.

பிறகு நானும் கொடுத்தேன். பொருந்தியது, ஆனால் காகிதம் சொல்வதைவிட ஒரு தலைமுறை நெருக்கமாகக் காட்டியது. காரணம் நம் கல்யாண முறைதான். அத்தை மகள், மாமன் மகன், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கொடுத்து வாங்கினால், ஒரே மரபணுத் துண்டு பல வழியாக வந்து சேரும். கணக்கு போடும் நிறுவனத்துக்கு அது நெருங்கிய சொந்தமாகத் தெரியும். நமக்குள் இந்தச் சோதனையின் உறவுக் கணிப்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்காகக் குழாயைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. காகிதம் காட்டிய உறவு ரத்த உறவுதானா என்று உறுதிசெய்ய அது உதவியது. பெயரையும் சாதியையும் மாற்றிச் சொல்லிக் கப்பல் ஏறியவர்கள், தத்துப்பிள்ளைகள் விஷயத்தில் காகிதம் கைவிரித்துவிடும். அங்கே எச்சில்தான் பேசும். ஆனால் தகவலைக் கொடுத்த பிறகு அது யார் கையில் போகும் என்ற கவலை நியாயமானது. மரபணுச் சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டபோது பலர் தங்கள் தகவலை அழிக்க ஓடினார்கள்.

நான் சொல்வதெல்லாம் ஒப்பந்தத்தில் போனவர்களுக்குத்தான். சொந்தச் செலவில் போன வியாபாரிகளுக்கு இந்த எண் கிடையாது. ஃபிஜிக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்த எமிகிரேஷன் பாஸ் என்ற பயணச் சீட்டு இருக்கிறது; அதுவும் கிராமம் வரை சொல்லும். ஆள் சேர்க்கும் கங்காணி மூலம் மலாயா, இலங்கை போனவர்கள் பக்கம் நான் தேடிப் பார்த்ததில்லை, எனவே அங்கே இந்த யோசனையை அப்படியே பொருத்தாதீர்கள்.

எண் தெரியாதவர்கள் கப்பல் பட்டியலில் நேராக நுழைய வேண்டாம். அங்கே இருக்கும் சொந்தக்காரர்களிடம் பழைய கல்யாண, பிறப்புச் சான்றிதழ்களைக் கேளுங்கள். கொஞ்சம் சொத்து வைத்து இறந்தவர் என்றால் அவர் சொத்தைப் பற்றிய எஸ்டேட் கோப்பையும் தேடுங்கள்; அதில் இருக்கும் இறப்பு அறிவிப்பில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர்கள் கிடைக்கும். கிட்டும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு வாங்காதீர்கள், வீட்டில் மூத்தவருக்கு வாங்குங்கள். ஒரு தலைமுறை மேலே போனால் அந்த முன்னோரின் பங்கு சராசரியாக இரண்டு மடங்கு இருக்கும்.