ஜன்னலோரமா, எல்இடி விளக்கா?

விற்பனைக்குப் பொருளைப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் முதலில் விசாரிப்பது கேமராவைப் பற்றித்தான். கைபேசியே போதும். மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது வெளிச்சத்துக்காக.

ஜன்னல் இலவசம், சரி. ஆனால் அதன் உண்மையான பலம் அகலம். வெளிச்சம் வரும் பரப்பு பொருளைவிடப் பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் மெதுவாகக் கரையும். ஒரு பீங்கான் கோப்பையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். நேர்வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் படிப்படியாக மங்கி, கோப்பையின் உருண்டை வடிவம் எழுந்து நிற்கும். இருண்ட பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நிழல் இளகுவதும் இறுகுவதும் கண்ணெதிரே தெரியும். கண்ணைப் பழக்க இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

ஆனால் இந்த வாத்தியார் நிலையாக ஓர் இடத்தில் நிற்க மாட்டார். ஒருமுறை 12 வெள்ளை சோப்புகளை ஜன்னலோரம் வைத்து மதியம் தொடங்கி மாலைவரை எடுத்தேன். வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மேகம் மூடியபோது எடுத்தவை நீலம் பூசியதுபோல, கடைசி நான்கும் மஞ்சள். ஒரே சோப்பு, மூன்று நிறம். அத்தனையையும் மறுபடி எடுத்தேன், இந்த முறை விளக்கில்.

விளக்கு அந்த வேலைக்குத்தான். 5600 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று போட்டிருந்தால் காலையிலும் நள்ளிரவிலும் ஏறக்குறைய அதே பகல் நிறம். வாங்கும்போது வாட்டைவிட சிஆர்ஐ எண்ணைப் பாருங்கள்; நிறங்களை அந்த ஒளி எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்று சொல்வது அதுதான். 95க்கு மேல் இருந்தால் சிவப்பும் தோல்நிறமும் செத்துப்போகாது. மட்டமான விளக்குகள் வினாடிக்கு 100 அல்லது 120 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கறுப்புப் பட்டைகளாக விழும். அப்புறம், வெறும் எல்இடியின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். சாஃப்ட்பாக்ஸோ (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) வெள்ளைத் துணியோ முன்னால் வைத்து, பொருளுக்கு அருகே கொண்டுவர வேண்டும். தள்ளி வைத்தால் ஒளி படுவேகமாகக் குறையும்: தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்பங்கு. ஜன்னலையும் விளக்கையும் சேர்த்துப் போடலாமே என்று தோன்றும். இரண்டின் நிறமும் ஒத்துப்போகாவிட்டால் கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் எந்த வொயிட் பேலன்ஸும் காப்பாற்றாது. அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

ப்ராப்ஸ், அதாவது அலங்காரத் துணைப்பொருட்கள், வைக்கும்போது என் ஓட்டு ஜன்னலுக்கு. துணி, கல், கிளை எல்லாவற்றின் நிழலும் ஒரே பக்கம் சாய்வதால் அவை ஒரே மேசையில் இருப்பதாக நம்ப முடியும். இரண்டு விளக்குகளை இரண்டு பக்கமும் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இரட்டை நிழல் விழுந்து மேசையே சந்தைக்கடை ஆகிவிடும். பொருளை மட்டும் வைத்து ஒரு படம் எடுத்துவிட்டு, துணைப்பொருட்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். திரையைப் பார்த்ததும் கண் முதலில் துணைப்பொருளுக்குப் போனால் அதை எடுத்துவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று இரக்கப்பட வேண்டாம். தோடு, மோதிரம் மாதிரி சின்னப் பொருளுக்கு மட்டும் அளவைச் சொல்ல ஏதாவது ஒன்று பக்கத்தில் தேவை. மோதிரத்தில் உங்கள் நீலச் சட்டையும் தெரியும், கவனம்.

வெள்ளைப் பின்னணியில் பொருள் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், விளக்குதான். வெள்ளை சாம்பலாக விழுந்தால் எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டுங்கள். பொருள், விளக்கு, ட்ரைபாட் கால்கள் நின்ற இடங்களில் டேப் ஒட்டி, செட்டிங்ஸையும் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த மாதம் பதின்மூன்றாவது சோப்பு வரும்போது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.