பழைய அரிவாளும் பழையதாக்கிய அரிவாளும்: துருவை நம்பலாமா?

சேலத்து இரும்புக்குப் பெயர் இருப்பதற்குக் காரணம் உண்டு. கஞ்சமலைத் தாதுவை மரக்கரியோடு மண் உலையில் இட்டு இரும்பைப் பிரித்தார்கள். அந்தத் துண்டுகளை ஆவாரங்குச்சியோடு மண்குகையில், அதாவது உலோகம் உருக்கும் சிறு மண்கலத்தில், அடைத்து, எருக்கிலை போட்டு மூடி, மறுபடி உலையில் வைத்து எஃகாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே இரும்புத் தொழில் நடத்திய ஆங்கிலேயர் ஜோசியா மார்ஷல் ஹீத் இந்த முறையை விவரித்திருக்கிறார். அதே நூற்றாண்டில் சேலம் அருணாசலம் செய்த வேட்டைக் கத்திகளையும் பன்றி ஈட்டிகளையும் வெள்ளைக்காரர்கள் தேடி வாங்கினார்கள். இப்படிப்பட்ட ஊரில், போன மாதம் பட்டறையை விட்டு வந்த அரிவாளுக்கு நூறு வயதைக் கூட்டிச் சொல்ல ஆசை வராமல் இருக்குமா?

வாங்குபவர் முதலில் பார்ப்பது துருவை. ஏமாற்றுபவருக்கும் அது தெரியும். உப்பும் வினிகரும் தடவி ஈரமண்ணில் புதைத்தால் சில நாளில் துரு பிடித்துவிடும். சர்க்யூட் பலகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு இருந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். இப்படி வந்த துரு ஆரஞ்சு நிறமாக, மாவுபோல, எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். கைமாறிக் கைமாறிப் புழங்கிய கத்தியின் துரு கருமையோடிய பழுப்பு. கெட்டியாகப் படிந்திருக்கும், எண்ணெய்த் துணியால் துடைத்தாலும் போகாது. ஓரிடத்தில் ஆழமான குழி இருக்கும், பக்கத்திலேயே வழவழப்பான பரப்பு இருக்கும்.

ஆனால் இந்த வேறுபாட்டை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. முனியப்பன் கோயில்களில் நேர்த்திக்கடனாக நட்ட அரிவாள்களைப் பாருங்கள். மழையிலும் வெயிலிலும் நின்று, எண்ணெயும் குங்குமமும் படிந்து, இருபது வருடத்திலேயே பாட்டன் காலத்துப் பொருள்போலத் தோற்றம் தருகின்றன. அதில் பொய் எதுவும் இல்லை, வயதும் இல்லை. மறுபுறம், உண்மையிலேயே பழைய கத்தியை யாராவது உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கலாம். ஆகவே துரு சொல்வதைப் பாதிதான் கணக்கில் எடுக்கலாம்.

முழுதாக நம்பத்தக்கது தேய்மானம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய கத்தியானாலும், வயலில் புழங்கிய அரிவாளானாலும், வெட்டுகிற இடம் ஒன்றுதான். அங்கேதான் சாணை பிடிப்பார்கள், அங்கேதான் வாய் உள்வாங்கும். நுனியும் பிடிக்கு அருகிலுள்ள பகுதியும் பழைய அகலத்திலேயே நிற்கும், நடுப்பகுதி குறுகியிருக்கும். வலக்கைக்காரர் கையில் இருந்திருந்தால் ஒரு பக்கச் சரிவு கூடுதலாக இருக்கும். பழையதாக்கிய கத்தியில் வாய் நுனியிலிருந்து அடிவரை ஒரே வளைவில் ஓடும், முதுகில் அடிபட்ட தழும்பு இருக்காது. அமிலத்தால் இரும்பைத் தின்னவைக்க முடியும். ஒரு கையின் பழக்கத்தை அதில் ஏற்றிவிட முடியாது. சிலர் கிரைண்டரால் தேய்த்துத் தேய்மானத்தையும் செய்து பார்க்கிறார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் துருவுக்கு அடியில் இணைகோடுகளாகச் சக்கரத்தின் கீறல்கள் தெரிந்துவிடும்.

அடுத்து பிடி. பழைய கத்தியில் பின்முனையைக் காய்ச்சி மரத்தில் இறக்கியிருப்பார்கள், அல்லது அரக்கு வைத்து இறுக்கியிருப்பார்கள். அந்த அரக்கு கறுத்து, நொறுங்கும் பதத்தில் இருக்கும். துளைக்குள் மரமும் கருகியோ கறுத்தோ காணும். புதியதில் சாயம் வெளியில் மட்டும்தான். பூணின் விளிம்பில் நகத்தை விட்டால் உள்ளே வெள்ளை மரம். எபாக்சி பசையையோ, நட்சத்திரத் தலை திருகாணியையோ கண்டால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் பழைய அலகுக்குப் புதுப் பிடி போடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதனால் பிடி புதிது என்பதற்காக அலகையும் தள்ளிவிடாதீர்கள். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அலகின் இரும்பும் பேசும். மண் உலையில் எடுத்த இரும்பில் கசடு இழை இழையாகத் தங்கியிருக்கும். அரித்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மரத்தின் நார்போலத் தெரியும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளில் இது கிடையாது. ஆலை எஃகு சீராகவே அரிக்கும். பட்டையில் நடு போல்ட்டுக்கு இருந்த துளையின் மிச்சம் சில சமயம் அகப்படும். ஸ்பிரிங் பட்டை அரிவாள் வேலைக்கு மிக நல்லது, அதைக் குறை சொல்லவில்லை. பழம்பொருள் என்று விற்பதுதான் தவறு.

அலையலையான கோலம் உள்ள வாள் என்றால் கூடுதல் கவனம் தேவை. மண்குகையில் உருக்கிய எஃகின் கோலம் உலோகத்தின் உள்ளிருந்து வருவது. மெருகிட்டு அழித்தாலும், மறுபடி மெல்லிய அமிலம் தடவினால் எழும். மேலே வரைந்து அரித்த கோலம் ஒருமுறை தேய்த்தால் போயிற்று. இந்தச் சோதனையை வாங்குபவர் செய்யக்கூடாது, விவரம் தெரிந்தவர் செய்ய வேண்டும். முத்திரை இருந்தால் பள்ளத்துக்குள் பாருங்கள். வெளியே உள்ள அதே துரு உள்ளேயும் இருந்தால் சரி. பொருக்கை உடைத்துக்கொண்டு எழுத்து இறங்கியிருந்தால் பெயரைப் பிறகு குத்தியிருக்கிறார்கள்.

காந்தம் வைத்துப் பார்ப்பது வீண். பழைய அரிவாளிலும் ஒட்டும், புதியதிலும் ஒட்டும்.

கடைசியாக, செலவில்லாத ஒரு சோதனை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத இத்தகைய பொருள் தொல்பொருள். அதை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். இருநூறு வருட வாள் என்று சொல்லும் வியாபாரியிடம் உரிமத்தைக் கேளுங்கள். பலருக்கு அந்த இடத்திலேயே வாளின் வயது குறைந்துவிடும்.