ஸ்டீராய்டு கேட்குமா: மாத்திரையா, பயாப்ஸியா, மரபணுவா?

காலையில் எழுந்த குழந்தைக்குக் கண் இமை வீங்கியிருக்கிறது, சிறுநீர் நுரைக்கிறது, பரிசோதனையில் புரதம் 3+. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டி புரதத்தைக் கசியவிடும் நோய், என்கிறார் டாக்டர். ஸ்டீராய்டு கொடுக்கலாம் என்றதும் பெற்றோர் கேட்பது, "அது கேட்குமா?" என்றுதான். இதற்குப் பதில் தேட மூன்று வழிகள் உண்டு, ஆனால் மூன்றும் எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது.

முதல் வழி, கொடுத்துப் பார்த்துவிடுவது. பிரெட்னிசோலோன், கிலோவுக்கு 2 மில்லிகிராம், நாளுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டாமல், 4 முதல் 6 வாரம். தினமும் காலைச் சிறுநீரில், புரதம் இருந்தால் நிறம் மாறும் ஸ்ட்ரிப்பை நனைத்து நோட்டில் குறிக்க வேண்டும்; அதன் பச்சை நாளுக்கு நாள் வெளுத்து மஞ்சளாகி, 3 நாள் தொடர்ந்து அப்படியே நின்றால் மருந்து கேட்டுவிட்டது. ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு மேல் கேட்கிறது, அதுவும் பெரும்பாலும் முதல் 2 வாரத்துக்குள். கேட்காத குழந்தைதான் பாவம், முகம் உப்பி, ஓயாத பசியோடு, பிரஷர் ஏறி, தொற்று வந்துவிடுமோ என்ற பயத்தோடு அத்தனை வாரத்தையும் கடத்த வேண்டும்.

அதற்குப் பயாப்ஸியை, அதாவது ஊசியால் சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதை, முதலிலேயே செய்துவிட்டால் என்ன என்று தோன்றும். 1981ல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வில், நுண்ணோக்கியில் பெரிதாக மாற்றம் தெரியாத 'மினிமல் சேஞ்ச்' வகைக் குழந்தைகளில் 93 சதவீதம் பேருக்கு ஸ்டீராய்டு கேட்டது, தழும்பு விழுந்த எஃப்எஸ்ஜிஎஸ் வகையிலும் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கேட்டது. அதாவது நுண்ணோக்கியில் தெரிவது உறுதியான பதில் இல்லை. சிறுநீரில் ரத்தம் இல்லை, பிரஷர் சரி, வயது 1 முதல் 12க்குள் என்றால், பிஞ்சு முதுகில் முதல் நாளே ஊசி போடத் தேவையில்லை என்பதே என் கருத்து. மருந்து கேட்கவில்லை என்றான பிறகு பயாப்ஸி அவசியம்.

மரபணுப் பரிசோதனை வேறு ரகம். 1998ல் என்பிஹெச்எஸ்1, 2000ல் என்பிஹெச்எஸ்2 என்று இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுக்கள் தெரியவந்தன. இவற்றில் கோளாறு இருந்தால் ஸ்டீராய்டு அநேகமாகக் கேட்காது, வீணாக மருந்து கொடுப்பதைத் தவிர்க்கலாம். ஆனால் கோளாறு இல்லை என்று வந்தால், மருந்து கேட்கும் என்று அர்த்தமில்லை! ஒரு வயதுக்குள் நோய் வந்தாலோ, சொந்தத்தில் யாருக்காவது இதே நோய் இருந்தாலோ, முதலில் இதைத்தான் கேட்டுப் பெற வேண்டும். மற்றவர்களுக்கு அந்த ஸ்ட்ரிப் நோட்டே போதும், ஒவ்வொரு முறையும் அதை டாக்டரிடம் எடுத்துப் போங்கள், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.