சான்டியாகோவில் துணி எடுக்க: பத்ரொனாதோவா, கோஸ்தனேராவா?

சிலியின் தலைநகரில் துணி எடுக்க என் ஓட்டு பத்ரொனாதோவுக்குத்தான். மபோச்சோ ஆற்றுக்கு வடக்கே, பாலஸ்தீன அரபுக் குடும்பங்கள் கடை போட்டு வளர்த்து, அப்புறம் கொரியர்களும் வந்து சேர்ந்த தெருக்கள் இவை. வாசல்வரை உடுப்பு தொங்கும், மொத்தமாக எடுத்தால் விலை இறங்கும், பசித்தால் ஷவர்மாவும் கிம்ச்சியும் அக்கம்பக்கத்திலேயே கிடைக்கும். மெட்ரோவும் வாசலுக்கே வரும்.

2012இல் திறந்த கோஸ்தனேரா சென்டர் வேறு ரகம். 300 மீட்டர் கோபுரத்தின் காலடியில் ஏசி மால், ஒட்டிய விலை ஒட்டியதுதான், பேரமெல்லாம் நடக்காது. ஆனால் அளவு சரியில்லை, மாற்ற வேண்டும் என்றால் அங்கே ரசீதை நீட்டினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பத்ரொனாதோவின் சிறு கடைகளில் அதற்குக் கொஞ்சம் வாய் வேண்டும். கோட்டு, ஷூ மாதிரி விலை கூடிய சாமான் என்றால் மால். பிள்ளைகளுக்கு வருஷத் துணி என்றால் யோசிக்காமல் பத்ரொனாதோ.