வார்ஃபரின் எடுப்பவர்களிடம் மஞ்சள் கேப்ஸ்யூல் விற்கும் கடைகள்: ஓர் எச்சரிக்கை

சீரற்ற இதயத் துடிப்புக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துவரும் என் தாயாருக்கு, முழங்கால் வலி தீரும் என்று கூறி, சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் உள்ள ஒரு கடையில் மஞ்சள் சாறும் குளுக்கோசமினும் கலந்த கேப்ஸ்யூல்களை 88 வெள்ளிக்கு விற்றிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பதாகச் சொன்னதோடு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவுகளைக் குறித்துவைக்கும் சிறு புத்தகத்தையும் அவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். "மூலிகைதானே ஆன்ட்டி, எந்த மருந்தோடும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று விற்பனையாளர் உறுதியளித்து, வலிக்குத் தேய்க்கும் எண்ணெய் ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தனுப்பினார்.

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியது. பிறகு, எங்கும் இடித்துக்கொள்ளாமலேயே முன்கையில் கருநீலத் திட்டுகள் தோன்றின. மருத்துவமனையில் சோதித்தபோது, 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டிய ஐஎன்ஆர் 6ஐத் தாண்டியிருந்தது; அது உயர உயர ரத்தக் கசிவு அபாயமும் கூடும். வார்ஃபரினைத் தற்காலிகமாக நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, அந்த அளவைக் கீழே கொண்டுவந்தார்கள்.

குழம்பில் போடும் மஞ்சள்தூள் வேறு, மஞ்சளிலிருந்து பிரித்துச் செறிவூட்டிய குர்குமின் என்ற பொருள் வேறு என்று அங்கிருந்த மருந்தாளர் விளக்கினார். அந்தக் கேப்ஸ்யூலில் குர்குமின் உடலில் கூடுதலாகச் சேர வேண்டும் என்பதற்காகவே மிளகுச் சாறும் கலந்திருந்தது. மஞ்சள் சாறு, குளுக்கோசமின் இரண்டுமே வார்ஃபரினோடு சேர்ந்தபோது ஐஎன்ஆர் உயர்ந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. இலவச எண்ணெயில் இருந்த மெத்தில் சாலிசிலேட் என்ற வலிநீக்கிப் பொருளும் தோல் வழியே உள்ளே சென்று அதே வேலையைச் செய்யக்கூடியது.

என்னை அதிகம் கோபப்படுத்தியது புட்டிதான். சலுகை விலை ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டி எடுத்தபோது, ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது என்ற வரி அதன் அடியில் இருந்தது. கடைக்காரரோ, எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும்போது பொறுப்பு தம்முடையதன்று என்று வாதிட்டுப் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். வேண்டுமானால் இன்னொரு எண்ணெய்ப் புட்டி தருவதாகச் சொன்னார்!

சிங்கப்பூரில் இத்தகைய சத்து மாத்திரைகளை விற்பதற்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை என்பதால், கடையில் அடுக்கியிருப்பதையே பாதுகாப்புக்கான சான்றாகக் கொள்ள இயலாது. சீன மருந்துக் கடைகளில் கிடைக்கும் டான்ஷென், டாங்குவாய் போன்ற மூலிகைகளும், பூண்டு, கிங்கோ கேப்ஸ்யூல்களும், சாதாரண ஐபுபுரோஃபென் வலி மாத்திரையும்கூட ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவையே. பலதுறை மருந்தகத்தில் மாத்திரை வாங்கச் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லாப் புட்டிகளையும் கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள். அதேவேளையில், பயந்துபோய் வார்ஃபரினை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ரத்தக்கட்டு உருவாகிப் பக்கவாதம் வரக்கூடும். மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.