மண்புழு உரம் 5 கிலோ: உரம் ஓகே, பாக்கெட்ல எழுதியிருக்கறதுதான் ஓவர் (3/5)

மாடித்தோட்டத்துக்கு ஆன்லைன்ல வாங்குனேன், 5 கிலோ 260 ரூபா, டெலிவரி ஃப்ரீ. பிராண்ட் பேர இங்க போட விரும்பல.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். சலிச்ச டீத்தூள் மாதிரி பொலபொலன்னு இருக்கு, நாத்தம் கெடையாது, கையில புடிச்சா ஈரம் தெரியுது ஆனா தண்ணி சொட்டல. தக்காளிக்கும் கத்திரிக்கும் க்ரோ பேக்குக்கு ரெண்டு கை போட்டேன், மூணு வாரத்துல கத்திரி இலை கரும்பச்சையா வந்துடுச்சு. உள்ள ரெண்டு மூணு குட்டிப்புழு உயிரோட இருந்துச்சு, என் பொண்ணு அதுக்கெல்லாம் பேர் வச்சுட்டா.

இப்ப கடுப்பான மேட்டர். பாக்கெட் பின்னாடி "எங்கள் புழுக்கள் ஆர்சனிக் போன்ற நச்சுக்களை உண்டு அழித்துவிடும்"னு போட்டிருக்கான். அழிச்சுடுமாம்! ஆர்சனிக் ஒரு தனிமம்ங்க, அத எந்தப் புழுவும் அழிக்க முடியாது, உருவம் மாத்தலாம், எடம் மாத்தலாம், அவ்ளோதான்.

புழு கெட்டிக்காரப் புழுதான், அத நான் இல்லன்னு சொல்லல. இங்கிலாந்துல டெவன் கிரேட் கன்சோல்ஸ்னு 1844ல ஆரம்பிச்ச செம்புச் சுரங்கம் ஒண்ணு, அப்புறம் அங்கயே ஆர்சனிக்கும் எடுத்து வித்தாங்க, மூடி நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கழிவு மண்ணுல கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் ஆர்சனிக் கெடக்கு, அதுக்குள்ளயே லம்ப்ரிகஸ் ரூபெல்லஸ்ங்கற புழு ஜம்முனு குடும்பம் நடத்துது. எப்படின்னா, மண்ணுல இருக்கற ஆர்சனிக்கோட ஒரு வடிவமான ஆர்சனேட், செல்லுக்குத் தேவையான பாஸ்பேட் சத்து மாதிரியே இருக்கறதால செல்லு ஏமாந்து உள்ள விட்டுடும், உள்ள போனதும் அது ஆர்சனைட்டுங்கற இன்னொரு வடிவமா மாறும், அது இன்னும் மோசமான விஷம், அதனால கந்தகம் இருக்கற புரதத்தோட அத கட்டிப்போட்டு குடல சுத்தி இருக்கற திசுல ஒதுக்கி வச்சுக்குது. கொஞ்சூண்டு மட்டும் ஆர்சனோபீட்டைனா மாறுது, நாம சாப்பிடற எறால், மீன்ல இருக்கற அதே வகை, அதால பெருசா கெடுதல் இல்ல. ஆனா புழு செத்தா உள்ள வச்சிருந்தது திரும்ப மண்ணுக்குத்தான் போகும், பறவை தின்னா பறவைக்கு. அதுவும் போக, அந்தச் சுரங்க மண்ணுலயே புழுவ விட்டு ரெடிங் பல்கலைக்கழகத்துல பாத்தப்ப, தண்ணில கரையுற ஆர்சனிக் கொறையல, கூடத்தான் செஞ்சுது.

இன்னொண்ணு, பத்து கிலோ சாணியும் குப்பையும் போட்டா மக்கி உரமா வரும்போது ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும், ஆர்சனிக், உலோகம் மாதிரி சமாச்சாரம் மட்டும் எங்கயும் போகாது. குழம்பு சுண்ட சுண்ட உப்பு ஏறுற கதைதான். அதனால உள்ள என்ன போட்டாங்கங்கறதுதான் கேள்வி, எந்தப் புழு தின்னுச்சுங்கறது இல்ல. இவங்க மாட்டுச்சாணியும் காய்கறிக் கழிவும்னு போட்டிருக்காங்க, அதுன்னா எனக்கு பெருசா பயம் இல்ல, அப்புறம் எதுக்கு இல்லாத நோய்க்கு மருந்து விக்கணும்?

ஊர்க்குப்பைல செய்யற சிட்டி கம்போஸ்டுக்கே நம்ம உரக் கட்டுப்பாட்டு ஆணைல ஆர்சனிக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு இருக்கு. ஆர்சனிக் பேர சொல்லி விக்கிறவங்க ஒரு நம்பராவது போடணும்ல? சாட்ல லேப் ரிப்போர்ட் கேட்டேன், "சார் எங்க புழு எல்லாத்தையும் செரிச்சிடும்"னு பதில். திரும்ப கேட்டா அதே பாக்கெட் ஃபோட்டோவ அனுப்புறாங்க. நான் மேடம்னு சொன்னதுக்கும் "ஓகே சார்".

உரத்துக்கு நாலு ஸ்டார், அந்த வாசகத்துக்கு ஒண்ணு கட். மிச்சம் இருக்கறத ரோஜாவுக்கு போட்டுக்கறேன், அடுத்த தடவ பக்கத்துத் தெரு மாட்டுக்கொட்டாய் அக்காகிட்டயே வாங்கிக்கலாம்னு இருக்கேன், அவங்க சாணி எந்த மாட்டுதுன்னு பேரோட சொல்லிடுவாங்க.