மே சோட்ல ஒரு கரேன் சாப்பாட்டுக் கடை: 4 ஸ்டார், ஆனா லொகேஷன் கேக்காதீங்க

பேங்காக்ல இருந்து நைட் பஸ், தாய்லாந்து-பர்மா எல்லைல இருக்கற மே சோட்ல எறங்கறப்ப பசில காதை அடைக்குது. ஆபீஸ்ல கூட வேலை பாக்கற பர்மா பையன் வழி சொல்லி அனுப்பின கடை இது, நடத்தறது கரேன்ங்கற பர்மா இனத்து அக்கா, கூட அவங்க பொண்ணு. போர்டு இல்ல, மெனு இல்ல, தகர ஷெட்டுக்கு கீழ நாலு பிளாஸ்டிக் டேபிள், அவ்ளோதான்.

சாப்பிட வேண்டியது தலபோ. பேரக் கேட்டதும் திண்டுக்கல் ஞாபகம் வந்துடக் கூடாது, இது பிரியாணிக்கு நேர் எதிர். கொஞ்சூண்டு அரிசிய நெறைய தண்ணில போட்டு மூங்கில் குருத்து, பூசணிக் கொழுந்து, கெடச்ச கீரை, மிளகா, மீன் பேஸ்ட் எல்லாம் சேத்து கொழைய விடறது. அக்கா கீரைக்கு கத்தியே எடுக்கல, கையாலயே கிள்ளி மொதல்ல தண்டு, எறக்கறதுக்கு முன்னாடி எலைனு போட்டாங்க. அரிசி கம்மியா இருக்கறப்ப நெறைய வயித்துக்கு காணணும்னு பண்ற சாப்பாடு, ஆனா ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கி சாப்டேன். கருவாட்டுக் கொழம்பு பிடிக்காதவங்க போகாதீங்க, வாசல்லயே மூக்கு சொல்லிடும்.

உள்ள போனதுமே கரேன்ல என்னமோ கேட்டாங்க, பொண்ணுதான் சொல்லுச்சு, அதுக்கு அர்த்தம் "சாப்டாச்சா"வாம், அவங்க ஊர்ல வணக்கமே அதுதானாம். சாப்பாட்டுக் கடைல போய் அத கேட்டா என்ன பதில் சொல்றது, சிரிச்சுட்டேன்.

நான் சாப்டுட்டு இருக்கறப்ப திடீர்னு இடி. அக்கா கைல கரண்டி அப்படியே நின்னுடுச்சு. பொண்ணு வெளிய எட்டிப் பாத்துட்டு வந்து "மழை, மழை"ன்னுச்சு, அப்புறம்தான் கரண்டி திரும்ப ஓடுச்சு. அங்க இருந்து மோய் ஆறு கிட்டத்துலதான், அந்தக் கரை பர்மாவோட மியாவடி, 2024 ஏப்ரல்ல பாலத்துக்கு அடிலயே சண்டை நடந்த எடம்.

இவங்க பர்மா பக்கம் லே கே கோ ஊர்க்காரங்க. அந்த ஊரே, முன்னாடி தாய்லாந்துக்கு ஓடி வந்த அகதிங்க திரும்பிப் போய் இருக்கறதுக்குன்னு, பர்மா ராணுவத்துக்கும் கரேன் போராளிகளுக்கும் போர்நிறுத்தம் இருந்த சமயத்துல ஜப்பான் உதவியோட கட்டினது. 2021 டிசம்பர்ல ராணுவம் அதையும் விடல, ரெய்டு, ஷெல்லடி, அப்புறம் விமானம். பொண்ணு தோள்மேல, சட்டி தலைமேலன்னு ஆத்துல எறங்கி நடந்து வந்தோம்னாங்க. இந்தப் பக்கம் வந்தா நிம்மதின்னு பாத்தா, வந்தவங்கள்ல நெறைய பேர மாட்டுக் கொட்டகைல தங்க வெச்சு, சத்தம் கொஞ்சம் அடங்கினதும் திரும்பிப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. தாய்லாந்து 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்தே போடாத நாடு, அதனால அந்த அரசு கணக்குல இவங்க அகதியே கெடையாது, பிடிச்சா சட்டவிரோதமா எல்லை தாண்டினவங்க. 1984ல இருந்து இருக்கற மே லா மாதிரி பழைய முகாம்ல பதிவு இருக்கறவங்களுக்கு 2025 ஆகஸ்ட்ல வெளிய வேலை செய்ய அரசு ஓகே சொல்லுச்சு, அதுவும் முகாம் சாப்பாட்டுக்கு வந்த அமெரிக்கப் பணம் நின்னு பெரும்பாலானவங்களுக்கு ரேஷன் போனதுக்கு அப்புறம். அக்கா மாதிரி 2021லயும் அதுக்கு அப்புறமும் வந்தவங்க அதுலயும் வரல.

இப்ப புரியுதா ஏன் கடை பேரு போடலன்னு. போட்டோ எடுக்கலாமான்னு போன எடுத்தேன், அக்கா பதறல்லாம் இல்ல, சிரிச்சுட்டே கிண்ணத்த மட்டும் என் பக்கம் தள்ளி வெச்சுட்டு அவங்க ஃப்ரேம விட்டு நகந்துட்டாங்க. மேப்ல பின் போட்டா நாலு கஸ்டமர் கூட வருவாங்கன்னு நான் வேற நல்லவன் மாதிரி ஐடியா குடுத்தேன், பொண்ணு என்னப் பாத்த பார்வைல வாயை மூடிட்டேன். போகணும்னு நெனக்கறவங்க மே சோட் மார்க்கெட்ல பர்மாக்காரங்க யார்கிட்டயாவது தலபோ எங்க கெடைக்கும்னு கேளுங்க, அந்த மாதிரி கடை ஒண்ணா ரெண்டா, ஏதோ ஒண்ணுல நல்லா சாப்டுடுவீங்க. சில்லறை கொண்டு போங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சு, இவங்க கடை லீவு.

ஒரு ஸ்டார் ஏன் கட்டுன்னா, டீ. பாக்கெட்ட பிரிச்சு சுடுதண்ணில கொட்டி தர்றாங்க, ஒரே சக்கர. அதையும் ரெண்டு கிளாஸ் குடிச்சேன், அது வேற விஷயம்.